வாழைப்பழமும் சொப்பன சுந்தரியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்குப் பத்து நிமிட நாடகம் எழுதிப் போடுவது என் வேலை. சென்ற முறை, பருமனான ஒருவர் லிஃப்டில் ஏறியதும் மணி அடிப்பதாக ஒரு காட்சி வைத்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் காலை வாட்ஸப் குழுவில் புகார், வாக்குவாதம். இந்த முறை ஸ்கிரிப்டை மூன்று பேர் படித்து ஒப்புதல் தரவேண்டுமாம். கவுண்டமணி செந்தில் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? கருப்பு, குண்டு, வழுக்கை என்று வாயைத் திறக்கக்கூடாது. சாதி, மதம், கட்சி எதையும் தொடக்கூடாது. பிறகு எதை வைத்துச் சிரிக்கவைப்பது? தமிழ் சினிமாவில் காமெடி செத்ததற்கும் எதற்கெடுத்தாலும் மனம் புண்படும் இந்த வழக்கம்தானே காரணம்?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் இரண்டு விதமான ஆட்களை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டீர்கள். பருமனானவரும் வழுக்கைத் தலைக்காரரும் புண்பட்டால் வாட்ஸப் குழுவில் நாலு வரி வரும். மிஞ்சிப்போனால் ஒரு மாதம் உங்களோடு பேசமாட்டார்கள். கட்சியும் மதமும் புண்பட்டால் கதையே வேறு. மேடை நகைச்சுவைக் கலைஞர் முனவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஜாமீன் வாங்கினார். 2025 மார்ச்சில் இன்னொரு மேடைக் கலைஞர் குணால் காம்ரா, அன்றைய மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைக் கேலி செய்து பாடியதற்காக, அது படமாக்கப்பட்ட மும்பை ஹாபிடாட் அரங்கைக் கட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். காம்ரா விழுப்புரத்தில் குடியிருப்பவர் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் இடைக்கால முன்ஜாமீன் பெற்றார்.

இந்த இரண்டாவது வகைப் புண்படுதல் நகைச்சுவையை நிஜமாகவே முடக்குகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1954இல் இங்கே ஒரு நாடகச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் மேடையை மனதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்று அன்றே பேசப்பட்ட சட்டம். நாடகம் போடுமுன் வசனத்தை அதிகாரிகளிடம் காட்டு என்றது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லும்வரை ஏட்டில் இருந்தது. நீங்கள் ஏங்கும் அந்தப் பொற்காலம் முழுவதும் மேடைக்கு அந்தச் சட்டம் இருந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். திரைப்படத் தணிக்கைக்கு மத்திய அரசு 1991 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே உடற்குறை, மனவளர்ச்சிக் குறை உள்ளவர்களைக் கேலி செய்யும் காட்சிகள் தேவையில்லாமல் இடம்பெறக்கூடாது என்று இருக்கிறது. பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளும் கூடாது. அதற்குப் பிறகு வந்த தொண்ணூறுகளின் படங்களில் திக்குவாயும் மாறுகண்ணும் எத்தனை காட்சிகளுக்குத் தீனி போட்டன என்று உங்களுக்கே தெரியும். விதி இருந்தது, கேட்க ஆள் இல்லை. இன்று கேட்கிறார்கள், அப்போதும் முழுசாக நிற்கவில்லை. யோகி பாபுவின் தலைமுடியை எதோடாவது ஒப்பிடாத படம் எத்தனை?

இனி கவுண்டமணிக்கு வருவோம். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழக் காட்சியில் இருப்பது என்ன? ஒரு ரூபாய், இரண்டு பழம், அதில் ஒன்று வயிற்றுக்குள் போய்விட்டது. மிச்சம் ஒன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதையே காட்டி அதுதான் இது என்கிறார் செந்தில். எத்தனை முறை, எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே பதில். கேட்பவரின் ரத்தக் கொதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. உடல் இல்லை, நிறம் இல்லை. பதிலில் வினைச்சொல்கூட இல்லை, 'இது' என்று முடிகிறது. தமிழில் வாக்கியம் வழக்கமாக வினையில் முடிவதால், சிரிப்பு வரவேண்டிய சொல் நடுவில் மாட்டிக்கொண்டு, பின்னால் வரும் 'என்று சொன்னான்', 'ஆகிவிட்டது' எல்லாம் சிரிப்பை நசுக்கிவிடும். அந்தக் காட்சியில் சிரிப்புக்கான சொல்லே கடைசிச் சொல். அடுத்த நொடி அடி. இந்தக் காட்சிகளை எழுதிக்கொடுத்த ஏ. வீரப்பனின் கை அங்கே தெரிகிறது.

அதே படத்தில் சொப்பன சுந்தரி. காரை வைத்திருந்தவளை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பது செந்திலின் கேள்வி. ஒரு பெண்ணைக் காரைப்போலக் கைமாறுகிற பொருளாக்குவதால் இன்று காது கூசுகிறது. நியாயம்தான். ஆனால் அந்தக் காட்சியில் மக்கள் இன்னும் சிரிப்பது அங்கே இல்லை. இத்தனை பேர் இருக்க, என்னைப் பார்த்து ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டான் என்று கவுண்டமணி கொதிக்கிறாரே, அதற்குத்தான். ஊரில் பெரிய மனிதர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருப்பவரின் கௌரவம் நடுத்தெருவில் கழன்று விழுகிறது. கேள்வியை மாற்றி எழுதினாலும் அந்தக் கொதிப்பு வேலை செய்யும். கெட்டுப்போனது வண்டி, இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய காட்சிகளை இப்படிப் பிரித்துப் பார்த்தால் வசவின் வேலையும் புரியும். கவுண்டமணி 'தலையா', 'வாயா' என்று முடிக்கிற வசவுகள் பெரும்பாலும் நகைச்சுவையே அல்ல, அவை தாளம். ஒரு சிரிப்பு அடங்கி அடுத்த வரி தொடங்குவதற்கு இடையிலுள்ள இரண்டு நொடியை நிரப்புகிறவை. இன்றைய எழுத்தாளர்கள் பலர் வம்பு எதற்கு என்று வசவை எடுத்துவிடுகிறார்கள், அந்த இடத்தில் வேறொன்றை வைப்பதில்லை. காட்சி தொய்கிறது. பார்ப்பவர்கள் 'இப்போதெல்லாம் எதையும் பேசவிடுவதில்லை, அதனால்தான் சிரிப்பு வரவில்லை' என்கிறார்கள். ஒரு பார்வை, ஒரு தும்மல், கையிலிருக்கும் சாமானைக் கீழே வைத்து எடுப்பது என்று எதை வைத்தும் அந்த இரண்டு நொடியை நிரப்பலாம். வடிவேலுவுக்கு அது கைவந்த கலை. 'ஃப்ரண்ட்ஸ்' (2001) படத்தில் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்த பிறகு அந்த முகம் செய்யும் வேலையைப் பாருங்கள். படம் வந்து பதினெட்டு வருடம் கழித்து, 2019 மே மாதம், அந்தச் சுத்தியலுக்காக உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது. யாரும் புண்படவில்லை.

சில காட்சிகள் சமூகம் மாறியதால் அல்ல, சாமான் காணாமல் போனதால் மங்குகின்றன. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் காட்சியை இருபது வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்த விளக்கில் எரியும் மேன்டில் என்பது ஒருமுறை எரிந்ததும் வெறும் சாம்பல் வலை, விரல் பட்டால் உதிர்ந்துவிடும் என்பது தெரிந்தவனுக்கு, செந்தில் கையை நீட்டும்போதே சிரிப்பு தொடங்கிவிடும். தெரியாத பிள்ளை உதிர்ந்த பிறகுதான் சிரிப்பான். பாதி சிரிப்பு போயிற்று. இதற்கு யாரைக் குறை சொல்வது?

சினிமாவில் காமெடி டிராக் செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு வழக்கு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய படத்தில், கதையோடு ஒட்டாத அரை மணி நேரத்தைத் தனி எழுத்தாளர், தனிக் கால்ஷீட் போட்டு எடுத்து, மூன்று நான்கு இடங்களில் செருகுவார்கள். படத்தின் நீளம் குறைந்ததும் முதலில் கத்தரி விழுந்தது அந்த அரை மணி நேரத்தில். ஹீரோக்கள் தாங்களே காமெடி செய்ய ஆரம்பித்தார்கள், சந்தானம் போன்றவர்கள் ஹீரோ ஆனார்கள், நடுவில் இருந்த நாற்காலி காலியானது. போதாக்குறைக்கு ஆதித்யா, சிரிப்பொலி போன்ற காமெடி சேனல்கள் பழைய காட்சிகளை நாள் முழுக்க இலவசமாகப் போட்டன. நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது சலித்து எடுத்த நூறு காட்சிகளை. அதே காலத்தில் வந்த ஆயிரக்கணக்கான அறுவைகள் யாருக்கும் நினைவில்லை.

சாதியைத் தொடக்கூடாது என்கிறீர்கள். 'மண்டேலா' (2021) தொட்டது. இரண்டு சாதியாகப் பிளந்த ஊரில், ஆளுக்குச் சமமான ஓட்டு. யாரும் மனிதனாக மதிக்காத முடிதிருத்துபவரின் கையில் வந்து விழுகிறது கடைசி ஓட்டு. நேற்றுவரை வாசலில் நிற்கவைத்தவர்கள் இன்று செருப்பு வாங்கித் தருகிறார்கள். கேலி முழுவதும் ஓட்டு கேட்கிறவர்கள் மேல். அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. சாதிப் பெயரை வசவாகப் பயன்படுத்த முடியாது என்பது இப்படி எழுதத் தெரிந்தவருக்கு ஒரு நஷ்டமே அல்ல.

இப்போது உங்கள் லிஃப்ட்.

சென்ற வருடக் காட்சியில் பருமனானவருக்கு என்ன வசனம் இருந்தது? அநேகமாக ஒன்றும் இருந்திருக்காது. அவர் ஏறினார், மணி அடித்தது, காட்சி முடிந்தது. அவர் அங்கே பாத்திரம் இல்லை, எடைக்கல். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில் இதையே வேறு களத்தில் பிரித்துச் சொன்னது: மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவில் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருடம்வரை சிறை இருக்கிறது, மேடை எழுதுகிறவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. உடல் பருமனுக்கு அந்தச் சட்டம் வராது. ஆனால் எழுதுகிறவனுக்கு உள்ள கேள்வி ஒன்றுதான்: அவர் பாத்திரமா, எடைக்கல்லா?

அதே லிஃப்டை இப்படி எழுதிப் பாருங்கள். ஆறு பேர், 408 கிலோ என்று தகடு. உள்ளே செக்ரட்டரி, பொருளாளர், ஜிம்மிலிருந்து வரும் தம்பதி, நம் பருமனான நண்பர். ஆறாவதாக இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பையன் ஏறுகிறான். மணி அடிக்கிறது. எல்லாரும் பையனைப் பார்க்கிறார்கள், அவன் பேசாமல் இறங்கிப் படியில் ஏறுகிறான். மணி நிற்கவில்லை. இனி யார் இறங்குவது? நண்பர் கிளம்ப, 'ஐயையோ சார், நீங்க இல்ல, உங்கள யாரும் சொல்லல' என்று நால்வரும் பதறிப்போய் அவர் கையைப் பிடிக்கிறார்கள். போன வருடப் புகாரின் பயம். அவருக்கு நாடகத்தின் நல்ல வசனத்தைக் கொடுங்கள்: 'நான் தொண்ணூத்தஞ்சு கிலோ சார். மத்தவங்க யாருமே சொல்லலையே?' ஜிம் தம்பதிக்குக் கால்வலி, படி ஏற முடியாது. செக்ரட்டரி மூன்று பெட்ரூம்காரர், மெயின்டனன்ஸ் அதிகம் கட்டுகிறவர். பொருளாளர் லிஃப்டுக்கே செக் போட்டவர். இதற்குள் பையன் மேலே போய்விட்டு காலிக் கேனோடு வந்து, அடுத்த கேனை எடுத்துக்கொண்டு போகிறான். முதல் முறை யாரும் கவனிக்கக்கூடாது, இரண்டாம் முறை எல்லாரும் ஒரு கணம் வாயை மூடவேண்டும். மூன்றாம் முறை அவன் பேசவேண்டும்: 'சார், மேல மீட்டிங் முடிஞ்சிருச்சாம். நாங்க லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு தீர்மானமாம்.'

பருமனானவர் வேடத்துக்கு உண்மையிலேயே பருமனானவரைக் கேட்பதாக இருந்தால், வசனத்தைக் கையில் கொடுத்துத் தனியாகக் கேளுங்கள், குழுவில் அல்ல. ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த 'தொண்ணூத்தஞ்சு'க்குப் பதில் வேறொருவரின் உண்மையான எடை. ஒல்லியானவர் உடம்பில் தலையணை கட்டி மட்டும் நடிக்கவேண்டாம், பழைய எடைக்கல்லுக்கே திரும்பிவிடுவீர்கள்.

மேடைக்கு செட் வேண்டாம். தரையில் நாலடிக்கு நாலடி வண்ண டேப் ஒட்டினால் போதும், மணி அடித்தால் கதவு மூடாது என்பதால் கதவுகூடத் தேவையில்லை. மணிச் சத்தத்தைச் செல்போனிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பாதீர்கள். கொஞ்சம் தாமதமாக வந்து காட்சியைக் கெடுக்கும். ஒரு சைக்கிள் மணியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து ஓர் ஆளை உட்காரவைத்து அடிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் அது பாதி அடங்கும்வரை அடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தவெளியில் சிரிப்பு பின்வரிசைக்குப் போய்த் திரும்ப நேரமெடுக்கும். காகிதத்தில் ஏழு நிமிடம் வந்தால்தான் மேடையில் பத்து.

மூவர் குழுவுக்கு ஸ்கிரிப்டைப் பிடிஎஃப்பாக அனுப்பவேண்டாம். காகிதத்தில் தொனி தெரியாது, சொல் மட்டும் நிற்கும், எந்தக் கேலியும் வசவாகவே படும். ஒத்திகைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். செக்ரட்டரி வேடத்தை உங்கள் செக்ரட்டரிக்கே கொடுத்துப் பாருங்கள். அவர் மறுத்தால் பொருளாளரைக் கேட்கலாம், செக்ரட்டரியாக நடிக்க அவர் காத்துக்கொண்டிருப்பார்.