கர்ப்ப காலத்தில் மூளை ஸ்கேன்: கதிரியக்க மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், கர்ப்பம் என்று தெரியாமல் ஏழாவது வாரத்தில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டேன். கலைத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: இதற்காகக் கலைக்க வேண்டியதே இல்லை அம்மா. கதிர் பாய்வது தலையில். உடலுக்குள் சிதறிக் கருப்பைவரை வருவது 0.001 முதல் 0.01 மில்லிகிரேதான் (மில்லிகிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு). எந்த ஸ்கேனும் எடுக்காதவர் வயிற்றுக் குழந்தைக்கே, இயற்கைக் கதிர்வீச்சால் பிரசவத்துக்குள் 0.5 முதல் 1 மில்லிகிரே சேர்ந்துவிடும். குழந்தைக்கு 50 மில்லிகிரேக்கு மேல் போனால்தான் குறைபாடு பற்றிய பேச்சே வரும். அப்புறம் ஒன்று: உங்கள் ரிப்போர்ட்டிலும் 50, 60 மில்லிகிரே என்று போட்டிருக்கலாம். அது உங்கள் தலைக்கான கணக்கு. இதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு.

கேள்வி: கதிரைத் தடுக்க வயிற்றுக்கு லெட் ஏப்ரன் (ஈயக் கவசம்) போடவே இல்லையே?

பதில்: சிதறல் உள்ளிருந்து வருகிறது, வெளியே மூடி என்ன பயன்? வழக்கமாகப் போடுவதை விட்டுவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019இல் சொல்லிவிட்டது.

கேள்வி: ஆறு மாதம். வலிப்பு வந்ததால் எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். ஊசி மருந்தும் போடுவார்களா?

பதில்: எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது, தாராளமாக எடுங்கள். படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் ஊசிதான் யோசிக்க வேண்டியது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். அது இல்லாமல் முடியவே முடியாது என்றால் மட்டும் போடுவார்கள். மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்பதை ஊசி இல்லாமலே, சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வெனோகிராமில் பார்க்கலாம். மல்லாந்து படுத்தால் மயக்கம் வரும் மாதம் இது. இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைக்கச் சொல்லுங்கள். ஆனால் வலிப்போடு பிபியும் ஏறியிருந்தால் ஸ்கேனுக்காக வைத்தியம் காத்திருக்கக் கூடாது. வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் முதலில், படம் பிறகு.

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து நாள். தலைவலி விடவே இல்லை, கண்ணும் மங்குகிறது. பால் கொடுப்பதால் ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடாது, இன்றே போங்கள். முதுகில் போட்ட மயக்க ஊசியால் வரும் தலைவலி பெரும்பாலும் படுத்தால் குறையும். பார்வை மங்கினால் அப்படி விட்டுவிட முடியாது. பிரசவத்துக்குப் பிறகும் பிபி ஏறி வலிப்பு வரலாம். சிரையில் ரத்தம் உறைவதும் இந்த வாரங்களில்தான் அதிகம். போனதும் முதலில் பிபி பார்க்கச் சொல்லுங்கள். படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் ஊசி போட்டாலும் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டாம். சி.டி.க்குப் போடும் அயோடின் மருந்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு, காடோலினியத்தில் 0.04 சதவீதத்துக்கும் குறைவுதான் பாலில் வரும்.