வாசகர் கேள்வி – பதில்: கழுவாத டின்னும் நனைந்த காகிதமும்

கேள்வி: குப்பையைப் பிரித்து வைப்பதில் எங்கள் வீட்டில் குறையே இல்லை. ஆனாலும் சென்ற மாதம் மறுசுழற்சிப் பொருள்களை எடுக்க வந்த லோரி எங்கள் பையை வாசலிலேயே விட்டுச் சென்றுவிட்டது. நாளிதழ்கள், பால் டின்கள், சோறு கட்டி வாங்கிய வெள்ளைப் பெட்டிகள், சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டுகள், மைலோ பாக்கெட்டுகள் ஆகியவை அதில் இருந்தன. எங்கே பிழை?
– இல்லத்தரசி, பகாவ்

பதில்: நீங்கள் எழுதிய பட்டியலிலேயே விடை இருக்கிறது, சகோதரி. வாங்க ஆள் இருக்கும் பொருளும் எவரும் வாங்காத பொருளும் ஒரே பையில் கலந்திருக்கின்றன. அவற்றுள் சில ஈரமாகவும் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருந்திருக்க வேண்டும்.

பால் டின்னையே எடுத்துக்கொள்வோம். தேநீர் கலக்கிய பின் அடியில் தங்கும் கெட்டிப் பால், பை சாய்ந்தவுடன் கீழே இருக்கும் நாளிதழில் ஒழுகுகிறது. மறுநாளே எறும்பு மொய்த்து, காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. டின் இரும்பாதலால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது பாழாக்கிய காகிதத்தை எவரும் ஏற்கமாட்டார்கள். காகித ஆலையில் பழைய தாளை நீரில் கரைத்துக் கூழாக்கித்தான் புதிய தாள் செய்கிறார்கள். எண்ணெய் கலந்தால் நார்கள் சரியாக ஒட்டா என்பதால், பலகாரம் மடித்த தாளும் எண்ணெய் ஊறிய அட்டைப் பெட்டியும் சாதாரணக் குப்பையைச் சேர்ந்தவை. டின்னைக் கழுவ நல்ல தண்ணீரைச் செலவிட வேண்டியதில்லை; பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

வெள்ளைப் பெட்டி பொலிஸ்டைரீன் என்னும் நெகிழி வகையைச் சேர்ந்தது. பெரும்பகுதி காற்றாக இருக்கும் அதில் குழம்பும் ஒட்டியிருந்தால் ஏற்றிச் செல்லும் செலவுக்குக்கூட அது தேறாது. எண்ணெய்ப் பாக்கெட்டின் மெல்லிய நெகிழியிலிருந்து எண்ணெயைப் போக்குவது கடினம். மைலோ பாக்கெட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளிநிறப் படலம் ஒன்று தெரியும். வெவ்வேறு பொருள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த அதைப் பிரித்தெடுக்கச் சாதாரண ஆலைகளால் இயலாது. இந்த மூன்றும் சாதாரணக் குப்பையோடு போக வேண்டியவையே.

போத்தலின் அடியிலுள்ள முக்கோணத்தைப் பார்த்தவுடன் அதை மறுசுழற்சி செய்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அதனுள்ளே இருக்கும் எண் அது எந்த வகை நெகிழி என்பதை மட்டுமே சொல்கிறது. தண்ணீர் போத்தலின் 1, ஷாம்பு போத்தலின் 2, கெட்டியான உணவு டப்பாக்களின் 5 ஆகியவற்றுக்குப் பொதுவாக வாங்குவோர் உண்டு. 3, 6, 7 ஆகியவற்றுக்குக் கிடைப்பது அரிது. கண்ணாடியிலும் இப்படியொரு வேறுபாடு இருக்கிறது. சாஸ் போத்தலை ஏற்பவர்கள் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தை ஏற்கமாட்டார்கள். அது உருகும் வெப்பநிலை வேறு.

திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகத்திற்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மலேசிய மாநிலங்களுள் நம் நெகிரி செம்பிலானும் ஒன்று. அம்மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம் ஆனது. அடுத்த ஆண்டு ஜூன் முதல் அபராதமும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கட்டும்; காகிதத்தைத் தனியாகக் கட்டி, டின்னையும் போத்தலையும் உலர்ந்த வேறொரு பையில் போடுங்கள். ஐயமுள்ள பொருளை, யாராவது பிரித்துக்கொள்வார்கள் என்று அதில் சேர்க்காதீர்கள். அந்த ஒரு பொருளால் மற்றவையும் குப்பைமேட்டுக்குப் போய்விடுகின்றன.

கேள்வி: பிரிப்பது ஒருபுறம் இருக்க, மாதச் சாமான் வாங்கும்போதே குப்பையைக் குறைக்க முடியுமா? சோப்புத் திரவத்தைப் பாக்கெட்டில் வாங்கி ஊற்றிக்கொள்வது நல்லதா?
– ஆசிரியை, தமிழ்ப்பள்ளி

பதில்: பிரிப்பதைவிட இதுவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பொருளைக் கூடையில் போடுமுன், காலியான பின் இதன் உறையை யார் எடுப்பார் என்று கேட்டுப் பாருங்கள். காப்பித்தூள், சீனி, பால்மாவு மூன்றும் கலந்த சிறு பாக்கெட்டுகளை எவரும் எடுப்பதில்லை. காப்பித்தூளைத் தகர டப்பாவில் வாங்கினால் டப்பாவாவது விலைபோகும். மிளகாய்த்தூள், மல்லித்தூளைச் சிறு பாக்கெட்டுகளாக வாங்காமல், சாமானை வறுத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, நம் டின்னிலேயே வாங்கி வரும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இன்னும் முற்றாக மறையவில்லை. அதை விட்டுவிடாதீர்கள். மீனுக்கு மூடியுள்ள டப்பாவும், இரவுச் சந்தைக்குத் துணிப்பையும், கடையில் குழம்பு கட்டி வாங்கத் தூக்குச்சட்டியும் கொண்டு செல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சோப்புத் திரவப் பாக்கெட்டின் உறை பெரும்பாலும் மறுசுழற்சிக்கு ஆகாது. ஆயினும் ஒவ்வொரு முறையும் கெட்டியான போத்தல் வாங்குவதோடு ஒப்பிட்டால் அதில் நெகிழி மிகக் குறைவு. ஆகவே பழைய போத்தல் உடையும்வரை பெரிய பாக்கெட்டை வாங்கி ஊற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிப் பலகாரம் அடைக்கும் சிவப்பு மூடிப் போத்தல்களையும் ஆண்டுதோறும் புதிதாக வாங்கத் தேவையில்லை; கொடுக்கும்போதே காலிப் போத்தலைத் திருப்பிக் கேட்டால் உறவினர் எவரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

வீட்டுக் குப்பையில் மிகுதி உணவுதான். 2012இல் நம் நாட்டில் நடந்த ஆய்வில் வீட்டுக் கழிவில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவாக இருந்தது. மலிவு விலை என்பதற்காக மூன்று கட்டுக் கீரை வாங்கி இரண்டை அழுக விடுவதைக் காட்டிலும் ஒரு கட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

கேள்வி: பொரித்த எண்ணெயையும் பழைய பவர்பேங்கையும் என்ன செய்வது?
– வாசகர், பகாவ்

பதில்: எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறிய பின் வடிகட்டிப் போத்தலில் சேர்த்தால், பயோடீசல் தயாரிப்புக்காக அதைக் காசு கொடுத்து வாங்குவோர் உள்ளனர். பவர்பேங்க், கைப்பேசி மின்கலம் ஆகியவற்றைக் குப்பைப் பையில் போடவே கூடாது. லோரி நசுக்கும்போது அவை தீப்பற்றக்கூடும்; மின்னணுக் கழிவுப் பெட்டியுள்ள இடத்திலேயே அவற்றைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்துக்கு மறுசுழற்சி லோரி வருவதில்லை. மாமனார் சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துகிறார். எப்படிச் சொல்வது?
– மருமகள், பகாவ் வட்டாரத் தோட்டம்

பதில்: அவர் இளமையில் கொளுத்தியது சருகும் தாளும் சாக்கும்தான், பழக்கம் அப்படியே இருக்க, குப்பை மாறிவிட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள். பிவிசி குழாயோ மின்கம்பி உறையோ எரிந்தால் மூச்சுக்குழாயை அரிக்கும் அமில வாயு எழும். டையாக்சின் என்னும் நச்சும் உண்டாகும். அடுத்த வீட்டுக் குழந்தைகளும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது.

தடுப்பதோடு நில்லாமல் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். டின், அலுமினியம், செம்புக்கம்பி இவற்றுக்குப் பழைய இரும்புக் கடையில் என்ன விலை என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். விற்கும் பொருளுக்கு ஒரு சாக்கு ஒதுக்கி, அவரே கொண்டுபோய்ப் போட்டு, கிடைக்கும் பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். சருகை வாழை அடியில் குவித்து, காய்கறித் தோலைக் கலந்து மூடிவிட்டால் எருவாகும். மீன், இறைச்சிக் கழிவு மட்டும் அதில் சேரக்கூடாது. லயத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால், பழைய சாமான் வாங்கும் லோரிக்காரரை மாதம் ஒருமுறை வரச்சொல்லத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கலாம். அதுவரை டின்களைக் கூரைக்கு அடியில் கவிழ்த்தே வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். மழைநீர் தேங்கிய ஒரு பால் டின் அதற்குப் போதும்.