கோவளத்தில் சர்ஃபிங்: நீச்சல் தெரிந்த பையனைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். மே மாத ஞாயிறு ஒன்றில் 13 வயது மகனையும் 9 வயது மகளையும் கோவளம் கூட்டிப்போய் சர்ஃபிங் (போர்டு என்கிற பலகைமேல் ஏறி அலையில் சறுக்குவது) கற்றுத்தர ஆசை. மகன் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவான். மகளுக்கு நீச்சல் தெரியாது. 'நீச்சலே தேவையில்லை, வேன், சாப்பாடு, பயிற்சி சேர்த்து ஆளுக்கு 2,500 ரூபாய்' என்கிறார் வாட்ஸ்அப்பில் ஒருவர். அவ்வளவு தூரம் எதற்கு, திருவொற்றியூர் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் சுவர்) ஓரமாகவே குளிக்கலாமே என்கிறார் மாமனார். கடல் இழுத்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

பதில்: பயம் நியாயமானதுதான். ஆனால் மகளுக்காகப் படும் பயத்தில் பாதியை மகன் பக்கம் திருப்புங்கள். நீச்சல் தெரியாத பிள்ளை முழங்கால் தண்ணீரைத் தாண்டாது. குளத்தில் நீந்திப் பழகியவன் தாண்டுவான். இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுவான். போட்டுப் போட்டுச் சோர்ந்துபோவான்.

அலை கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். கடலுக்கடியில் உள்ள மணல் திட்டில் எங்கே பள்ளமோ, அங்கே கூடி வாய்க்கால் போலக் கடலை நோக்கி ஓடும். இதுதான் இழுப்பு. அந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைக்க, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக ஒரு பாதை தெரியும். நுரையும் குப்பையும் அதன் வழியே வெளியே போவதைப் பார்க்கலாம். 'அலை இல்லாத இடமாப் பார்த்து இறங்குங்க' என்று பெரியவர்கள் சொல்வது பிள்ளையை நேரே அங்கேதான் அனுப்பிவைக்கிறது. தண்ணீரில் கால் வைக்கும் முன் மேட்டில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள்; அந்தப் பாதை எங்கே என்று மகனையே காட்டச் சொல்லுங்கள்.

இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும். பெரும்பாலும் அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். அதனால் மல்லாந்து மிதக்க வேண்டும், கையை உயர்த்தி ஆட்ட வேண்டும், மூச்சு நிதானமானதும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து அலையோடு கரையேற வேண்டும். கையில் போர்டு இருந்தால் இன்னும் சுலபம்: எந்தக் காரணத்துக்காகவும் அதை விடக்கூடாது. இதை வேனில் போகும்போதே இருவரையும் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

மாமனாருக்கு மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், தூண்டில் வளைவு வேண்டாம். அலை பாறையில் மோதி, அதன் ஓரமாகவே கடலுக்குத் திரும்பி ஓடும். ஆக, இழுப்பு எங்கே இருக்கும் என்று தேடவே வேண்டாம், கல்லை ஒட்டியே இருக்கும். காலடியில் பாசி, பக்கத்தில் சிப்பி ஒட்டிய கருங்கல். நம் பக்கத்தில் மணல் ஏன் இல்லை என்பது ஊரறிந்த கதை. வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த துறைமுகச் சுவர் மறித்தது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. அதற்குக் கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய கல்லின் மேல் 'குளிக்கத் தடை' என்று ஒரு பலகையை நட்டுவிட்டால் கடமை முடிந்தது. வடசென்னைப் பிள்ளை பயமில்லாமல் கடலில் கால் நனைக்கச் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறதே என்று கேட்க ஆளில்லை.

இனி அந்த 2,500 ரூபாய் ஆசாமி. இப்படிப்பட்டவர்களிடம் போர்டும் கிடையாது, பயிற்றுநரும் கிடையாது. உங்களிடம் முன்பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டு, கரையில் அன்று யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம் தள்ளிவிடுவார்கள். கோவளம் கடற்கரை 2021-இல் வாங்கிய நீலக்கொடிச் சான்றின் (தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) படத்தையும் அனுப்பியிருப்பார். அந்தச் சான்று வரையறுத்த ஒரு பகுதிக்கு. முழுக் கரைக்கும் அல்ல, அவர் நடத்தும் வகுப்புக்கு நிச்சயமாக அல்ல. இடைத்தரகரை விட்டுவிட்டுப் பயிற்சிப் பள்ளியோடு நேரே பேசுங்கள். கேட்க வேண்டியவை: சொல்லித்தருபவரிடம் சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் பயிற்றுநர் சான்றிதழ் உண்டா, நீர்மீட்புப் பயிற்சி எடுத்தவரா? ஒருவருக்கு எத்தனை மாணவர்? நாலுக்கு மேல் என்றால் வேண்டாம். போர்டு ஃபோமா, ஃபைபரா? முதல் நாளில் எட்டடி நீள ஃபோம் போர்டு தவிர வேறெதையும் தொடவிடாதீர்கள். ஃபைபர் போர்டு தலையில் பட்டால் தையல்தான். கடல் சரியில்லை என்றால் பணம் திரும்புமா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பேசுபவர், சரியில்லாத கடலிலும் உங்கள் பிள்ளையை இறக்குவார். 'எது நடந்தாலும் பொறுப்பில்லை' என்ற தாளை மணலில் வைத்து அவசரமாகக் கையெழுத்து வாங்குவார்கள். முதல் நாளே அனுப்பச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.

'நீச்சலே தேவையில்லை' என்பது ஒரே ஒரு நிலையில் உண்மை, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் அலையில், இடுப்பளவு தண்ணீரில், பயிற்றுநர் போர்டைப் பிடித்தபடி இருந்தால் நீச்சல் இல்லாமலும் கற்கலாம். யாருடைய இடுப்பு? பயிற்றுநரின் இடுப்பு உங்கள் மகளுக்குக் கழுத்து. அலை வந்தால் அதற்கும் மேலே. ஆகவே அளவு மகளுடைய இடுப்புதான். அவள் நின்றால் கால் ஊன்ற வேண்டும். அவளுக்கென்று தனி ஆள் வேண்டும், நாலு பேரில் ஒருத்தியாக அல்ல. போர்டையும் காலையும் இணைக்கும் லீஷ் அவள் கணுக்காலுக்குப் பொருந்த வேண்டும். பெரியவர் லீஷ் தொளதொளவென்று கழன்றுவிடும். பச்சை அலையில், அதாவது உடையாத அலையில், ஏற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது உள்ளே கூட்டிப்போனால் இந்த விலக்கு அங்கேயே முடிந்தது, கூப்பிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். இத்தனையும் அமைந்தால் போகட்டும். ஒன்று குறைந்தாலும் மணல் வீடு கட்டட்டும்.

இருவருக்கும் பொதுவாக: போர்டு எப்போதும் உடம்புக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அலைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்தால் முகத்தில் அடிக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு எழ வேண்டும். லீஷைக் கையில் சுற்றக்கூடாது.

எந்த நாள், எந்த நேரம்? ஏப்ரல், மே மாதங்களில் தென்கோடிப் பெருங்கடலில் எழும் அலை நாள்கணக்கில் பயணித்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், அலை மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது இப்படியொரு அலைக்கான எச்சரிக்கை அமலில் இருந்த நாளில். ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலையை முன்கூட்டிச் சொல்லும் இன்காய்ஸ் (INCOIS) மையம் எச்சரிக்கையை ஒழுங்காகத்தான் வெளியிடுகிறது. அது கரையில் நிற்பவருக்குச் சிவப்புக் கொடியாக வந்து சேர்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். சனிக்கிழமை இரவு இன்காய்ஸ் தளத்தை நீங்களே பாருங்கள். சென்னை அல்லது செங்கல்பட்டுக் கரைக்கு உயர் அலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குக் கரையில் இருக்கலாம். காலையில் நிலக்காற்று அலையை ஒழுங்காக வைத்திருக்கும். நண்பகல் வாக்கில் கடற்காற்று எழுந்தால் தண்ணீர் தாறுமாறாகும். பத்து மணிக்கு நிழலுக்கு வந்துவிடுங்கள், கத்திரி வெயில் விளையாட்டல்ல. மீனவர் படகு ஏறி இறங்கும் இடத்தில் போர்டை இறக்காதீர்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாமல், மணலால் தேய்க்காமல், கடல்நீரால் கழுவுங்கள்.

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் காலியாக இரண்டு, மூடி இறுக்கி, 15 மீட்டர் நைலான் கயிற்றில் கட்டிக் கொண்டுபோங்கள். பிள்ளை தத்தளித்தால் புடவையோடு நீங்கள் குதிக்காதீர்கள். கேனை வீசுங்கள், பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். வெளியே எடுத்த பிள்ளையின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு 30 நெஞ்சழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தொடருங்கள். 108-ஐயும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் இன்னொருவர் அழைக்கட்டும். தண்ணீர் குடித்து இருமல் நிற்காத பிள்ளை எழுந்து நடந்தாலும் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.