அலுவலகத்தில் டிராகன் படகு அணி தொடங்குகிறீர்களா? துடுப்பு வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் இருபது பேர் சேர்ந்து டிராகன் படகு அணி ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாரும் இதுவரை துடுப்பைத் தொட்டதில்லை, நாலைந்து பேருக்கு நீச்சலும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது, என்னென்ன வாங்க வேண்டும், மூன்று மாதத்தில் ஒரு போட்டிக்குப் போக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காக உடனே பெரிய படகைப் பிடிக்காதீர்கள். பெரிய படகில் துடுப்பு போட 20 பேர், முன்னால் முரசுக்கு ஒருவர், பின்னால் சுக்கானுக்கு ஒருவர், ஆக 22 பேர். சனிக்கிழமை காலை பயிற்சிக்குக் காலாங் ஆற்றங்கரையில் வெயில் ஏறுவதற்குள் வந்து நிற்கிறவர்கள் அதில் பாதி இருந்தாலே நல்ல அணி என்பேன். ஒருவருக்கு வெளியூர்ப் பயணம், இன்னொருவருக்குப் பிள்ளையின் டியூஷன், இப்படி ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். பாதி காலியான பெரிய படகை இழுப்பது போல மனதை உடைக்கிற காரியம் வேறில்லை, இரண்டு வாரத்தில் மீதிப் பேரும் நின்றுவிடுவார்கள். அதனால் 12 பேர் படகில் தொடங்குங்கள்: துடுப்புக்கு 10, முரசு 1, சுக்கான் 1. இருபது பேர் பட்டியல் இதற்குத்தான் சரியாக இருக்கும்.

படகு, லைஃப் ஜாக்கெட், துடுப்பு மூன்றையும் வாடகைக்கு எடுங்கள், அல்லது ஏற்கெனவே இயங்குகிற ஒரு கிளப்போடு சேர்ந்து பயிற்சி செய்யுங்கள். சொந்தத் துடுப்பு ஆசை எல்லோருக்கும் முதல் வாரமே வந்துவிடும், கார்பன் துடுப்பு பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் எந்த அளவு பொருந்தும் என்பது நாலைந்து அளவுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். போட்டிக்கு என்றால் நீளம் 105 முதல் 130 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதியும் இருக்கிறது. உடைக்கு சீக்கிரம் காய்கிற டீ-ஷர்ட், ஷார்ட்ஸ் போதும். பருத்தி வேண்டாம், நனைந்தால் தோலை உரசிப் புண்ணாக்கும்.

சுக்கான்காரரை மட்டும் கட்டாயம் வெளியிலிருந்து அனுபவசாலியாகக் கூப்பிடுங்கள். பெரிய படகு காலியாகவே சுமார் 250 கிலோ. ஆட்களையும் சேர்த்தால் 1,800 கிலோ பக்கம் போகும், அதற்கு பிரேக் கிடையாது. அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் கிளம்புகிற அன்றைக்கே கற்றுக்கொள்கிற வேலை இல்லை.

நீச்சல் தெரியாதவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் குதித்து, பதறாமல் மிதந்து, பத்து நிமிடமாவது இருக்க முடியும் என்று குளத்தில் காட்டிய பிறகுதான் அவர்களைப் படகில் ஏற்றுங்கள், நீச்சல் வகுப்பையும் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 2007 நவம்பரில் கம்போடியாவின் தொன்லே சாப் ஆற்றில் போட்டி முடிந்த கையோடு சிங்கப்பூர் தேசிய அணியின் படகு கவிழ்ந்து ஐந்து வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. தேசிய அணிக்கே அந்த நிலை என்றால், அலுவலக அணியில் “வெயிலாக இருக்கிறது, கழற்றி வைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவரை அன்று கரையிலேயே உட்கார வையுங்கள். படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே பழகிவிடுங்கள்: பக்கத்தில் உட்கார்ந்தவரை முதலில் தேட வேண்டும், படகைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தலை எண்ணி முடிக்கும் வரை யாரும் கரைக்கு நீந்தக் கூடாது. கேட் 1 (Cat 1, மின்னல் அபாயம் அதிகம்) எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை, உடனே கரை.

சரி, துடுப்பு போடுவதற்கு வருவோம். புது அணிகள் எல்லாமே கை பலத்தை நம்பித்தான் வருகின்றன, ஜிம் போகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். படகை நகர்த்துவது இடுப்பும் முதுகும் காலும்தான். வெளிப்பக்கத் தொடை படகு விளிம்போடு ஒட்டியிருக்கட்டும், வெளிப்பக்கக் காலை முன்னால் அழுத்தி ஊன்றுங்கள். உள்பக்கக் கை துடுப்பின் தலையில், வெளிப்பக்கக் கை அலகுக்கு (துடுப்பின் தட்டையான கீழ்ப்பகுதி) சற்று மேலே. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி வெளித் தோளை முன்னால் கொண்டுபோக வேண்டும். சரியாகத் திருப்பினால் கரையில் நிற்பவருக்கு உங்கள் முதுகு தெரியும். மேல் கையும் படகுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே வந்துவிட வேண்டும், அப்போதுதான் துடுப்பு நேராக இறங்கும். அலகு முழுவதும் மூழ்கிய பிறகே இழுங்கள். பாதி மூழ்கியதும் இழுத்தால் பின்னால் இருப்பவர் முகத்தில் தண்ணீர் அடிப்பீர்கள், படகு அப்படியே நிற்கும். இடுப்புக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னாலும் இழுத்தால் தண்ணீரைத் தூக்குகிறீர்கள், அது படகைக் கீழே அழுத்தும்.

இவ்வளவும் ஒருவருக்கு அருமையாக வந்தாலும், பத்துப் பேருக்கும் ஒரே நொடியில் வராவிட்டால் பயனில்லை. கண்ணை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். முன்னால் இருப்பவர் முதுகை மட்டும் பார்த்துப் போட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் துளித் துளியாகத் தாமதம் சேர்ந்து, துடுப்புகள் மரவட்டைக் கால்கள் மாதிரி வரிசையாக விழும். தலையை நிமிர்த்தி, எதிர்ப்பக்கத்தில் முதல் வரிசையில் இருப்பவரின் துடுப்பைக் குறுக்காகப் பாருங்கள். தன் துடுப்பையே பார்க்கிறவர் கட்டாயம் தவறவிடுவார். முதல் வரிசைக்குப் பலசாலி வேண்டாம், தாளம் மாறாத இரண்டு பேர் போதும், எடையும் பலமும் உள்ளவர்கள் நடுவில். ஆரம்பத்தில் முரசு அந்த முதல் வரிசை இருவரைப் பின்பற்றி அடிக்கட்டும். வேகமாக அடித்தால் படகு வேகமாகப் போகும் என்று நினைத்து அடித்தால் மொத்தமும் கலைந்துவிடும். ஒவ்வொரு பயிற்சியிலும் கொஞ்ச நேரம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு (சுக்கான்காரர் தவிர!) போட்டுப் பாருங்கள். துடுப்புகள் ஒன்றாக இறங்கினால் ஒரே ‘தொப்’ கேட்கும், சிதறினால் மழை பெய்கிற மாதிரிக் கேட்கும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, காதே திருத்திவிடும்.

வாரம் ஒரு தடவை தவறாமல் தண்ணீரில் இறங்கினால் மூன்று மாதத்தில் புது அணிகளுக்கான 200 மீட்டர் பிரிவுக்குத் தாராளமாகப் பெயர் கொடுக்கலாம். 500 மீட்டர் அடுத்த வருடம் பார்க்கலாம், அதில் கடைசி 150 மீட்டரில்தான் புது அணிகள் தாளத்தை விட்டுவிடுகின்றன. புறப்படும்போது முதல் ஐந்தாறு இழுப்பு ஆழமாகவும் நிதானமாகவும் இருக்கட்டும், நிற்கிற படகைக் கிளப்புகிற வேலை அது, வேகத்தை அப்புறம் கூட்டலாம். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் யாரும் எழுந்து கை தூக்க வேண்டாம். சுக்கான்காரர் சொல்லும் வரை துடுப்பைத் தண்ணீர்மேல் தட்டையாக வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருங்கள், களைத்துப்போய் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிற நேரம் அதுதான்.