டானிக் வாங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீர்

கேள்வி: கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்காக ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறேன். பதினோரு வயது. இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே போகிறது. கொள்ளைக் கூட்டி வைத்தும் தேறவில்லை. 1,800 ரூபாய்க்கு ஒரு கேன் டானிக் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போது வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

நாளைக் காலை லத்தி போட்டதும், தரையில் படாத மேல்பகுதியில் இரண்டு கைப்பிடி எடுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றின் மேல்பாதியை வெட்டிவிட்டு அதில் போட்டு, நீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். முழுக் கொள்ளு தெரிகிறதா? அடியில் மணல் படிகிறதா? இந்த இரண்டையும் பாருங்கள்.

கொள்ளு முழுசாக வந்தால் பல்லைச் சந்தேகப்பட வேண்டும். குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்தாடையைவிட அகலம் என்பதால், தேயாத ஓரங்கள் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வாய் வலிக்கிற பிராணி எப்படி மெல்லும்? பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் சந்தேகமே வேண்டாம். மருத்துவரை வைத்து வருடம் ஒருமுறை பல்லை அரம் போட்டு ராவ வேண்டும். முதல் செலவு இதுதான்.

மணல் படிந்தால், பாலாற்றுப் படுகையில் மேய விடுகிறீர்களா, தீவனத்தைத் தரையில் கொட்டுகிறீர்களா என்று யோசியுங்கள். மணல் குடலில் சேர்ந்து மெலிவும் வயிற்றுவலியும் தரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. தொட்டியில் தீவனம் வைப்பதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை.

அடுத்தது பூச்சி மருந்து. முதலில் லத்தியைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்துப் புழு முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து எடைக்கு ஏற்றபடி போக வேண்டும். குறைத்துக் கொடுத்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். எடைமேடை வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். 160 சுற்றளவு, 150 நீளம் என்றால் சுமார் 323 கிலோ.

அந்த எடைக்கு உலர்ந்த புல்லாக ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ வேண்டும். கொள்ளு அதற்கு அப்புறம்தான். கொள்ளை மட்டும் கூட்டினால் வயிறும் குளம்பும் கெடும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்தால் எலும்பு பலம் இழக்கும். கொஞ்சம் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைச் சேர்த்தால் கால்சியமும் கிடைக்கும்.

டெட்டனஸ் ஊசியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். லாடத்து ஆணிக் காயம் ஒன்று போதும், குதிரையைக் கொண்டுபோய்விடும்.

இன்னொன்று, சித்திரை வெயிலில் ஊர்வலத்துக்கு ஒப்புக்கொள்ளும்போது நேரம் பாருங்கள். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் பிராணிகளுக்கு 37 டிகிரி தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை தரக்கூடாது என்பது 1965 விதி. வேலூர் வெயிலில் உங்கள் குதிரைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பல் ராவி, புழு பார்த்து, ஆறு வாரத்திலும் தேறாவிட்டால் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். டானிக் தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும்.

கேள்வி: ஆடியில் அந்தியூர் சந்தையில் குதிரை வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: காதும் சுழியும் பார்ப்பவர்கள் கால் பார்ப்பதில்லை. கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, மெல்ல ஓடவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே முன்காலை ஊன்றும்போது தலை மேலே எழும்பினால் அந்தக் காலில் வலி இருக்கிறது. நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். தூக்க விடாத குதிரையை லாடக்காரர் எப்படிப் பிடிப்பார்? மருத்துவரைக் கூட்டிப்போகும் செலவையும் குதிரை விலையோடு சேர்த்தே கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.