ஆழ்ந்த உறக்கமும் கைக்கடிகாரமும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு படுக்கிறேன். ஆழ்ந்த உறக்கம் 35, 40 நிமிடங்களைத் தாண்டுவதே இல்லை. "இரண்டு மணி நேரம் வர வேண்டும் சார், இந்த மாடல் சரியாகப் பிடிக்காது, 18,000 ரூபாய் மாடலுக்கு மாறிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். எனக்கு வயது 67. மாறலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

பதில்: மாற வேண்டாம், ஐயா. கடைக்காரர் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்குக்கு எந்த அடிப்படையும் இல்லை. நல்ல உடல்நலமுள்ள நடுவயதுக்காரருக்கே ஏழு மணி நேர உறக்கத்தில் ஆழ்ந்த உறக்கம் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். வயது ஏற ஏற அது குறைவது இயல்பு, நோயல்ல.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆற்றாமை உண்டு. சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் நேரங்கள் உண்டு என்று கண்டறிந்து வெளியிட்டார்கள். கனவுகள் மிகுந்துவரும் அந்த நிலையையும், மேலோட்டமான உறக்கம், நடுத்தர உறக்கம், ஆழ்ந்த உறக்கம் என்னும் மூன்று நிலைகளையும் சேர்த்தே இன்று உறக்கத்தைப் பிரிக்கிறார்கள். சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக இவை மாறி மாறி வரும். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கமும் விடியலை ஒட்டிக் கனவுநிலையும் அதிகமாக இருக்கும். இந்த நிலைகளைப் பிரித்தறிய, மருத்துவமனையின் உறக்க ஆய்வகத்தில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி, இரவு முழுவதும் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, 30 விநாடிக்கு ஒரு துண்டாகப் பார்க்கிறார்கள். உங்கள் மணிக்கட்டில் இருக்கும் கருவிக்கு மூளையைப் பற்றி எதுவும் தெரியாது. கை அசைகிறதா என்பதையும், பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி நாடித்துடிப்பையும் பார்த்து, இன்ன நிலையாக இருக்கலாம் என்று அது ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடக்கும் நேரத்தைக்கூட உறக்கம் என்று எழுதிவிடும். 18,000 ரூபாய் மாடல் செய்வதும் ஊகம்தான்.

ஊகம் என்று சொல்லி விற்றால் எனக்கு வழக்கே இல்லை. பெட்டியின் முகப்பில் "துல்லியமான உறக்க அளவீடு" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அடிப்பக்கத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று கடுகளவு எழுத்தில் அச்சிடுகிறார்கள். சென்ற மாதம் ரிச்சி தெருவில் ஒரு கடையில் அந்த வரியின் மேலேயே விலை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் பெயர்த்த பிறகுதான் படிக்க முடிந்தது. இந்த எண்களைத் துரத்தியே தூக்கம் கெடுபவர்களின் நிலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்தார்கள். பதினைந்து நாள் வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மாலைக் காப்பியை மதியத்துக்கு மாற்றுங்கள், ஏனெனில் ஐந்து மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் ஏறத்தாழ பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். பகல் பதினொரு மணிக்குத் தெளிவாக இருக்கிறீர்கள் என்றால் உங்கள் உறக்கம் போதுமானதே.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டால் தூக்கம் நன்றாக வருமா?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: வராது.

கேள்வி: வாட்ச்சைவிட ஸ்மார்ட் மோதிரம் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் 24,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். அளவு பார்க்கும் மாதிரி மோதிரங்களைக் கேட்டு வாங்கி ஒரு நாள் முழுவதும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் கடையில் போட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். சித்திரை வெயிலில் விரல் வீங்கி, சோப்புத் தடவித்தான் கழற்ற முடிந்தது. ஒரு மாதம் கழித்து, உறக்க நிலைகளின் விவரத்தைப் பார்க்க மாதச் சந்தா கட்டச் சொன்னது செயலி. சந்தா உண்டா, அதைக் கட்டாவிட்டால் எதெல்லாம் தெரியாமல் போகும், பேட்டரி தேய்ந்தால் மாற்றித் தருவார்களா என்ற மூன்றையும் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முடிவெடுங்கள். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்ற ஒழுங்கைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் என்றால், மணிக்கட்டில் கட்டும் விலை குறைந்த ஸ்மார்ட் பட்டையே போதும்.

கேள்வி: நடைபாதைக் கடையில் 850 ரூபாய்க்கு வாங்கிய வாட்ச் ஒரே வாரத்தில் நின்றுவிட்டது. இது இந்த ஆண்டில் மூன்றாவது. பில் இல்லை, பெட்டியையும் போட்டுவிட்டேன். எங்கே புகார் செய்வது?
— வாசகர், புரசைவாக்கம்

பதில்: எங்கே போனாலும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். கேட்டும் பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்; நீங்கள் கேட்கவே இல்லை. முதல் வாட்ச்சுக்குக் கேட்காதது கவனக்குறைவு. மூன்றாவதற்கும் கேட்காமல் வந்துவிட்டு என்னிடம் வழி கேட்டால், சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: "மருத்துவர்கள் சான்றளித்தது, மூச்சுத்திணறலைக் கண்டுபிடிக்கும்" என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் 6,499 ரூபாய்க்கு அம்மாவுக்கு ஒரு வாட்ச் வாங்கினேன். சந்தேகம் வந்து அதைச் சுருட்டிய துண்டில் கட்டி ஓர் இரவு வைத்தேன். காலையில் நாடித்துடிப்பு 74, ஆழ்ந்த உறக்கம் மூன்று மணி நேரம் என்று காட்டியது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: சகோதரி, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, அம்மாவின் மூச்சைப் பற்றிய கவலையைக் காசாக்கியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நல்ல கருவியின் ஒளிகூடத் துணியில் பட்டுத் திரும்பும்போது சில சமயம் தவறாகத் துடிப்பைக் காட்டும், எனவே 74 என்ற எண்ணை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். துண்டு மூன்று மணி நேரம் ஆழ்ந்து உறங்கியதாகக் காட்டியதும், விளம்பரத்தின் வாசகமும்தான் உங்கள் வலுவான சான்றுகள். இரண்டையும் இன்றே படம்பிடித்து வையுங்கள்; விளம்பரத்தை அவர்கள் நீக்கிவிடக்கூடும்.

அடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்தே, இணையம் வழியாக வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகிறேன். வாட்ச் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பழுதா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: பழுதாக இருக்காது. சில கருவிகள் பகல் உறக்கத்தைக் குட்டித் தூக்கமாகவே எண்ணும். செயலியில் உறங்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். புதிய வாட்ச்சுக்கு முன்னால், வெளிச்சம் புகாத கனத்த திரைச்சீலை வாங்குங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு இழுக்கிறார். சிக்னலில் ஸ்கூட்டரிலேயே கண் சொருகுகிறது. நல்ல வாட்ச் ஒன்று சொல்லுங்கள், 25,000 வரை பரவாயில்லை.
— வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, வாட்ச் வேண்டாம்; இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். நீங்கள் எழுதியிருப்பவை உறக்க மூச்சுத்தடை நோயின் அறிகுறிகள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது என்பதை உறக்கப் பரிசோதனையில் எண்ணுவார்கள். ஐந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், 30ஐ எட்டினால் கடுமையானது. மூச்சுத்தடையை எச்சரிக்கும் வசதிக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024இல் சில வாட்ச்சுகளுக்கு அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் அவை எச்சரிக்கை தரவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. அறிகுறி கண்ணெதிரே இருக்கும்போது அவற்றுக்காகக் காத்திருப்பது தவறு. காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். இன்றிரவு அவர் உறங்கும்போது மூச்சு நின்று இழுப்பதைக் கைபேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். 25,000 ரூபாயைப் பரிசோதனைக்கு வைத்திருங்கள். மருத்துவர் பார்க்கும்வரை ஸ்கூட்டர் சாவி உங்களிடமே இருக்கட்டும்.