தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், அதி கனமழை: வானிலை அறிக்கையில் வரும் சொற்களுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். தாழ்வுப் பகுதிக்கும் தாழ்வு மண்டலத்துக்கும் என்ன வித்தியாசம், ‘மிக கனமழை’, ‘அதி கனமழை’ என்பதற்கெல்லாம் அளவு உண்டா, துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் எதைச் சொல்கிறது. நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். மழைக்காலம் வந்தால் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படிக்காமல் எனக்குப் பொழுது விடியாது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. தொலைக்காட்சியில் எண்ணை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் வாசிப்பதால்தான் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறது. இன்னொன்று, இது மிக முக்கியம்: தாழ்வுப் பகுதியில் தொடங்கிப் புயல் வரை போகும் வரிசை காற்றின் வேகத்துக்கானது. மழைக்கு வரிசை தனி.

முதலில் காற்று. கடலில் ஓரிடத்தில் காற்றழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறைந்து, அதைச் சுற்றிக் காற்று சுழலத் தொடங்குகிறது. அந்தக் காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே இருக்கும்வரை அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை போனால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல்; பெயர் வைப்பதும் அப்போதுதான். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல் என்று ஏறிக்கொண்டே போய் 222-ஐத் தாண்டினால் சூப்பர் புயல். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கியது அந்தக் கடைசி வகை. இங்கே சொல்லும் வேகம் தொடர்ந்து வீசும் காற்றின் வேகம். ‘45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்’ என்று அறிக்கையில் வருமே, அந்த ‘இடையிடையே’ என்பது திடீரென்று அடித்து ஓயும் காற்று. மரக்கிளையை முறிப்பதும் தகரக் கூரையைத் தூக்குவதும் பெரும்பாலும் அதுதான்.

‘கரையைக் கடப்பது’ என்றால் புயலின் மையம் கரையைத் தாண்டுவது. மொத்தப் புயலும் தாண்டிவிட்டது என்று அர்த்தமில்லை. வலுவான புயலின் நடுவில் கண் என்று ஒரு பகுதி உண்டு; அங்கே காற்று அடங்கிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு மேல் போனபோது இப்படித்தான் நடுவில் ஓர் அமைதி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எதிர்த் திசையிலிருந்து காற்று அடித்தது. நம் கிழக்குக் கரையில் கண் கடந்துபோகும் ஊரில் முதலில் வடக்கிலிருந்தும் பிறகு தெற்கிலிருந்தும் அடிக்கும். அதனால் காற்று நின்றுவிட்டதே என்று அந்த இடைவெளியில் வெளியே இறங்கவே கூடாது. வீட்டில் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, இப்போது மழை. வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. அங்கிருந்து 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. மனதில் நிற்க வேண்டுமானால் சுமார் 6, 12, 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் 20,000 லிட்டர். தெருவில் இருக்கும் எல்லா மாடிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சாக்கடை ஏன் தாங்குவதில்லை என்று புரியும். இந்த 24 மணி நேரம் காலை 8.30-இல் தொடங்கி மறுநாள் காலை 8.30-இல் முடியும். செய்தியில் சொல்லும் ‘இன்றைய மழை அளவு’ உண்மையில் நேற்றுக் காலையிலிருந்து பெய்தது.

இந்த இரண்டு வரிசையையும் ஒன்றாக நினைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டம் 2023 டிசம்பரில் பார்த்தது. அப்போது குமரிக்கடல் பக்கம் இருந்தது புயல் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. வெறும் வளிமண்டல சுழற்சி. காற்று மண்டலத்தின் ஓர் அடுக்கில் காற்று சுழல்வதற்குத்தான் அந்தப் பெயர். கீழடுக்கு சுழற்சி, மேலடுக்கு சுழற்சி என்று உயரத்தை வைத்துச் சொல்வார்கள். வேக வரிசையில் அதற்கு இடமே கிடையாது. அது பெரிதாக நகரவும் இல்லை. கடலின் ஈரக்காற்று கிழக்கிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. 18-ஆம் தேதி காலை 8.30-க்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டின் சராசரியே சுமார் 44 செ.மீ.தான். தாமிரபரணி கரை புரண்டது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. ‘புயல் இல்லையாமே’ என்று அதற்கு முந்தின நாள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் தப்பு இல்லை, அந்தச் சொல் காற்றைப் பற்றியது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

2024-இல் ஃபெஞ்சல் வந்ததும் அப்படித்தான். வரிசையில் அது சாதாரணப் புயல். புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றதில் மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது. வலுவிழந்து உள்ளே போன பிறகும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. ‘வலுவிழந்தது’ என்று கேட்டால் காற்று குறைந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சொல்லும் வார்த்தைகளுக்கும் கணக்கு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் போகாது. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். ஆகவே ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று வந்து உங்கள் தெருவில் தூறல்கூட இல்லாவிட்டால் அறிக்கை பொய்யாகிவிடாது. பக்கத்து ஒன்றியத்தின் அளவைப் பாருங்கள்.

கடைசியாகக் கூண்டு. 1-ஆம் எண்ணில் தொடங்கி 11 வரை உண்டு. 1, 2 இரண்டும் தூரத்தில் இருப்பதைப் பற்றிய தகவல், முக்கியமாகத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களுக்கு. 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5, 6, 7 மூன்றும் அபாய அறிவிப்பு. 5-ஐவிட 7 ஆபத்து என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த எண் புயல் கடக்கும் பக்கத்தைத்தான் காட்டுகிறது. புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. நம் கிழக்குக் கரையில் 6 என்றால் புயல் துறைமுகத்துக்குத் தெற்கே கடக்கும், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். தீவிரப் புயலுக்கு இதே முறையில் 8, 9, 10. தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு 11.

வானிலை எச்சரிக்கையில் வரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பற்றியும் இன்னொருவர் கேட்டிருக்கிறார். மஞ்சள் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு தயாராக இரு, சிவப்பு உடனே செயல்படு. தாழ்வான இடத்தில் வீடு இருப்பவர்கள் ஆரஞ்சு வந்த அன்றே ரேஷன் அட்டை, பத்திரம், மருந்து எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.